ஸ்கேனருக்கு வைத்த பொட்டு

கவனக்குறைவாமா, கவனக்குறைவு. யாருக்கு, கோகிலவாணிக்கா? ஆபீஸ் ரூமுக்கு வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு சொல்லையே கடைவாயில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது; துப்பவும் இடமில்லை, முழுங்கவும் முடியவில்லை. உள்ளே ஹெச்.ஆர். ஷர்மிளா மேடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவது கதவு இடுக்கு வழியாகக் கேட்டது. "கொஞ்சம் இரும்மா, கூப்பிடறேன். ஒரே ஒரு கையெழுத்துத்தான்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டுப் போனவர். ஒரே ஒரு கையெழுத்துத்தானாம். ஒரே ஒரு மிளகாய்தான், கண்ணில் வைத்துக்கொள் என்கிற மாதிரி. தாள் இங்கிலீஷில் இருந்தது. குடோனுக்கே மேனேஜரான நவநீதன் சார் காலையில் லைனுக்கு வந்து, அதை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே தமிழில் சொன்னார்: கம்பெனி என்னிடம் கொடுத்த ஸ்கேனர் என் கவனக்குறைவால் கெட்டுப்போனது, அதன் விலையை மாசா மாசம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள எனக்குச் சம்மதம். "அவ்வளவுதாம்மா மேட்டர். பாலிசி. எல்லாக் கம்பெனியிலயும் உள்ளதுதான்." பாலிசி என்றால் அவளுக்குத் தெரிந்தது இன்சூரன்ஸ் பாலிசிதான். அதிலாவது செத்தால் வீட்டுக்கு ஏதோ வரும். இது உயிரோடு இருக்கும்போதே உருவுகிறது. சம்மதமாமே, சம்மதம். யாரு கேட்டா? எப்பக் கேட்டா?

கவனக்குறைவுக்காரியைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு மூஞ்சியைத் தேடிப் போக வேண்டும். காலையில் அடுப்பில் பால் இருக்கும், மிருதுளா பின்னால் நின்று "அம்மா, ஆயி" என்று கத்துவாள், வாசலில் குழாய்த் தண்ணீர் வந்துவிடும், புருசன் சதாசிவம் குளிக்கிற இடத்திலிருந்து "துண்டு எங்க புள்ள?" என்பான். எல்லாம் ஒரே நேரத்தில். பிள்ளையைக் கழுவிவிட்டு, குடத்தை மாற்றி வைத்து, துண்டைக் கதவுமேல் வீசிவிட்டு இவள் திரும்புவதற்கும் பால் நுரைகட்டித் தூக்குவதற்கும் சரியாக இருக்கும். இந்த நாள்வரை அடுப்பில் ஒரு சொட்டு வழிந்ததில்லை. "ஏனம்மிணி, உனக்கு முதுகுலயும் கண்ணா?" என்று மாமியாரே ஒருதரம் கேட்டுப்போட்டார், மாமியார் வாயில் அப்படி ஒரு வார்த்தை வருவது லேசா? அந்தக் கண்தான் இங்கே ஸ்கேனர்மேலும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத் துப்பாக்கி மாதிரி ஒரு கறுப்புச் சாமானைக் கையில் கொடுத்து, "இது உன் பேர்ல ஏறியிருக்கு, பத்திரம்" என்றார்கள். பேரில் ஏறியிருக்கு என்றதும் என்னமோ காடு தோட்டம் எழுதிவைத்த மாதிரி பெருமையாகக்கூட இருந்தது, கெரகம். ரேக் ரேக்காக நடந்து, பெட்டிமேல் ஒட்டியிருக்கும் கோடு போட்ட சீட்டுக்கு நேராக அதன் மூக்கை நீட்டி அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் விழும். பீப் என்று சத்தம் வரும். இந்தப் பெட்டி இன்ன ஊருக்கு என்று அதன் சின்னத் திரையில் எழுதும். பீப் வந்தால்தான் பெட்டி நகரும். கைவாரை மணிக்கட்டில் மாட்டாமல் அவள் அதைத் தூக்கியதே கிடையாது. ஐப்பசி மழைக்குக் கூரை ஒழுகின அன்றைக்குத் துப்பட்டாவைக் கழற்றி அதைச் சுற்றிவிட்டுத் தான் நனைந்தாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டு வைப்பார்கள். இவள் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். "அதுக்கும் ஒரு வாய் ஊட்டிவுடு கண்ணு, பசிக்குதாமா" என்று துளசாக்கா சொல்ல, லைனே சிரிக்கும். இவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே போனது? எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு பெட்டி தூக்குகிறார்கள். ஸ்கேனர் இல்லாதவளுக்கு லாரி வாசலில் பெட்டி தூக்குகிற வேலை.

அப்படிப் பார்த்துக்கொண்டது எப்படிக் கெட்டது? சாமி கும்பிட்டதில் கெட்டது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் நடந்தது. "இந்த வருசம் நம்ம குடோன்ல ஆயுத பூசை கிராண்டா பண்றோம், ஹெட் ஆபீசுக்குப் போட்டோ அனுப்பணும், லேடீஸ் எல்லாரும் சேலையில வந்துருங்க" என்று சொன்னது யாரு? நவநீதன் சார். வாழைக்கன்று கட்டியாயிற்று, பொரியும் கடலையும் குவித்தாயிற்று, வாசலில் உடைக்க இத்தாப் பெரிய பூசணிக்காய். ஒரு மேசையில் சிவப்புத்துணி விரித்து, லைன் பெண்களின் ஸ்கேனரையெல்லாம் கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி வரிசையாக அடுக்கினார்கள். சந்தனத்தூளைத் தண்ணீரில் குழைக்கப் போனபோது, "தண்ணி எதுக்கு? பன்னீர்ல கொழைங்க, கமகமன்னு இருக்கும்" என்று பாட்டிலை நீட்டியது யாரு? அவர். பிடியில் பொட்டு வைக்கப் போனபோது, "அங்க வெச்சா யாருக்குத் தெரியும்? மூஞ்சில வைங்க, முன்னாடி. போட்டோவுல விழுகணும்ல?" என்றது யாரு? அவரேதான். மூஞ்சி என்றால் எது? சிவப்பு வெளிச்சம் வருகிற அந்தச் சின்னக் கண்ணாடிதானே. பைக்குக்கு ஹெட்லைட்டில் வைக்கிறோம். கிரைண்டருக்கு, தையல் மிசினுக்கு, கிணற்று மோட்டாருக்கு, எதுக்கு எங்கே வைப்பது என்று யாராவது சொல்லித்தந்தார்களா? பார்த்தாலே தெரியும், இதுதான் இதுக்கு நெற்றி என்று. நெற்றியில்தான் பொட்டு விழுந்தது. சந்தன வட்டம், நடுவில் குங்குமம், பளிச்சென்று. சார் சூடம் காட்டினார், எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், போட்டோக்காரன் நாலு பக்கமும் ஓடி ஓடி எடுத்தான். ஆயுத பூசைக்கு வைத்ததைப் பூசை பிரிக்கிறவரைக்கும் தொடக் கூடாது; அப்புறம் நடுவில் ஞாயிறு வேறு வந்துவிட்டது. லீவு முடிந்து வந்து பார்த்தால் சந்தனம் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள், போய்விட்டது. ஆனால் பன்னீர் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மார்கழி மாசத்துப் பனி மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. அங்கே எந்தத் துணி போகும்? அழுத்தினாள். வெளிச்சம் வந்தது, பீப் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். பக்கத்தில் துளசாக்கா அழுத்திக்கொண்டிருந்தாள். அதுக்கு அந்தப்பக்கமும் டிக்கு டிக்கென்று அழுத்துகிற சத்தம். லைன் முழுக்க அந்தச் சத்தம்தான். ஒரு பீப் இல்லை.

அதோடு எல்லாருமாகப் போய்ச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லவிட்டார்களா? ஸ்கேனரையெல்லாம் வாங்கி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். ஒருத்தி போய் வந்து மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள், அடுத்தவள் போவாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்கிற வரிசை மாதிரி. கம்பெனி நியாயமே தனி. ஐடி கார்டின் மூலையைப் பிள்ளை கடித்துவிட்டால் அது தொழிலாளி குற்றம். லாக்கர் சாவி தொலைந்தால் சாவிக்கு மட்டுமில்லை, பூட்டுக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள். துளசாக்காவுக்குக் கொடுத்த பூட்ஸ் அடிப்பாகம் வாயைப் பிளந்தபோது, நடந்து நடந்துதானுங் போச்சு என்றாள் அவள். ஏன் இவ்வளவு நடந்தாய் என்று கேட்காத குறையாக அதுக்கும் பிடித்தார்கள். அதே குடோனில் போன மாசம் போர்க்லிப்ட் வண்டியை, "எறங்குப்பா, எப்படி ஓட்டறதுன்னு நான் காட்டறேன்" என்று ஏறி உட்கார்ந்து, ரேக்குத் தூணில் கொண்டுபோய் முட்டினாரே நவநீதன் சார், மேல்தட்டிலிருந்து மிக்சிப் பெட்டியெல்லாம் மாங்காய் உதிர்ந்த மாதிரி கொட்டியதே, அதுக்கு யார் தாளில் எழுதிக் கொடுத்தது? "ஆபரேஷன்ல இதெல்லாம் சகஜம்" என்று சட்டையைத் தட்டிக்கொண்டு போனார். சரி, அதுகூடப் போகட்டும். வாசலில் எல்லாரும் விரல் வைக்கிற பஞ்சிங் மிசினுக்குப் பொட்டு வைத்தது யார் கை? அவர் கை. அதே சந்தனம், அதே பன்னீர், வழிய வழிய. லீவு முடிந்து வந்த அன்றைக்கு அது ஒருத்தர் விரலையும் ஏற்றுக்கொள்ளவில்லை; வாசலில் திருவிழாக் கூட்டம். சர்வீஸ்காரன் வந்தான், கழற்றினான், புதுசு மாட்டினான், டீ குடித்துவிட்டுப் போனான். யாரையும் யாரும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. ஒரே பன்னீர் அங்கே போனால் ரிப்பேர், இங்கே வந்தால் கவனக்குறைவு. இதை நினைக்கும்போது காதுமடல் சுட்டது. கை தானாக நாற்காலியின் விளிம்பைப் பிடித்து நெரித்தது. அந்தச் சொல் அவர்களுக்கு எதுக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது? பிடிக்க முடியுமென்றால் பேசாமல் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே. பிள்ளை கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்குகிறவன், நானே குடுத்தேன்னு சொல்லு என்று பிள்ளையைக் கெஞ்சிக்கொண்டு நிற்பானா? நின்றால் அவனுக்கு எங்கேயோ பயம் இருக்கிறது. இவள் வாயால் வராமல் அவர்களால் தொட முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை; இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"போட்டுத் தொலை புள்ள" என்றான் சதாசிவம், காலையில் போன் பண்ணினபோது. லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் சத்தத்துக்கு நடுவில் நின்று கத்தினான். "கவனக்குறைவுன்னா கவனக்குறைவு, நெத்தியிலயா எழுதி ஒட்டப் போறானுங்க? வேல முக்கியம்." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கும் அந்த மில்லு நாள் ஞாபகம் இருக்கும். இதுக்கு முன்னால் அவள் நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவள். விடிந்து வீட்டுக்கு வருவாள், பஞ்சு ஒட்டின தலையோடு. மிருதுளா அப்போதுதான் நடை பழகின பிள்ளை. இவளைக் கண்டதும் ஓடிப்போய் மாமியார் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். "அம்மாடா கண்ணு, அம்மா" என்று மாமியார் முன்னால் தள்ளினால் வீறிட்டு அழும். ஒருநாள் மாமியாரைப் பார்த்து 'அம்மா' என்று கூப்பிட்டது. மாமியார் பதறிப்போய், "அய்யோ, அது தெரியாம சொல்லுதுடி" என்றார். தெரியாமலா? பிள்ளைக்குத் தெரிந்ததைத்தான் சொல்லியது. அன்றைக்கு அழுத அழுகை போதும். இந்தக் குடோனில் பகல் வேலை மட்டும். கம்பெனி பஸ் பொழுதோடு முக்கில் இறக்கிவிடும். பஸ் சத்தம் கேட்டதுமே அந்தக் குட்டிக் கழுதை செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவரும், என்னென்னவோ ராசா ராணிக் கதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் என்ன ஆகும்? யாரும் அவளைத் திட்ட மாட்டார்கள். குடோனுக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்ட்காரர் ராத்திரி போன் பண்ணி, "நாளைக்குப் பஸ்சுக்கு நிக்க வேண்டாம்மா, ஆள் தேவையில்லைன்னுட்டாங்க" என்பார். அவ்வளவுதான். மறுபடி மில்லு, மறுபடி பஞ்சு, மறுபடி மாமியார் சேலைக்குள் ஒளிகிற பிள்ளை. இப்போது விவரம் தெரிந்த பிள்ளை; ஒளியாது, கேள்வி கேட்கும். அது இன்னும் மோசம். போட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன? ரெண்டு வரி. போட்டுவிட்டால் பொழுதோடு பஸ். ஆனால் போட்டால் அது நிஜமாகிவிடுமே. நாளைக்குப் பெட்டி ஒன்று காணாமல் போனால், ஏற்கெனவே கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தவள்தானே என்று முதலில் இவளைத்தானே பார்ப்பார்கள். அந்தச் சொல் அவள் பேரில் ஏறிவிடும். ஸ்கேனர் ஏறின மாதிரி.

சரி, போடவில்லை, நியாயத்தைச் சொல்கிறாள் என்றே வை. நீங்கதானே சார் மூஞ்சில வைக்கச் சொன்னீங்க என்கிறாள். அவர் என்ன சொல்வார்? நான் சொன்னேன், வெச்சது யாரு என்பார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் நினைப்பு பள்ளத்தைக் கண்ட மாடு மாதிரி நின்றுவிடும். அப்படியே சுற்றிக்கொண்டு மறுபடி போர்க்லிப்டுக்கும் பஞ்சிங் மிசினுக்கும் போய்விடும். காலையிலிருந்து இதுதான் நடக்கிறது. எதிரே நோட்டீஸ் போர்டில் அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணி ஒட்டியிருந்தார்கள். நவநீதன் சார் பட்டுச் சட்டையில் பல்லெல்லாம் தெரியச் சூடத்தட்டோடு நிற்கிறார். மேசைமேல் ஸ்கேனர் வரிசை, ஒவ்வொன்றின் மூக்கிலும் பொட்டு. ஓரத்தில் ஒரு கை மட்டும். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. கடைசி ஸ்கேனருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறது. கைக்குச் சொந்தக்காரியை வெட்டிவிட்டார்கள். யார் கை என்று தெரியாதவர்களுக்குத் தெரியாது. வளையல் இப்போது பீரோவில் இருக்கிறது. ஆமாம், அவள்தான் வைத்தாள். அவளுடையதுக்கு மட்டுமில்லை, லைன் முழுசுக்கும். "கோகிலா, நீயே வெச்சுவுடு, நீ வெச்சாத்தான் வட்டமா வரும்", "எனக்கும் கண்ணு", "எனக்கும் அக்கா" என்று ஆளாளுக்குத் தள்ளிவிட, இவளும் குஷியாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வைத்துக்கொண்டே போனாள். அன்றைக்கு அவளைப்போல் சந்தோசமானவள் அந்தக் குடோனில் கிடையாது. அத்தனை ஸ்கேனரும் அவள் கை பட்டுத்தான் கெட்டது. வாய் திறந்தால் அத்தனையும் அவள் தலையில் இடியும். இந்தப் பயம் அடியில் கிடந்ததால்தானோ என்னமோ, மேலே கோபம் இப்படிக் கொதித்தது. அந்தக் கோபத்தில் பாதி மற்றப் பெண்கள்மேல் திரும்பியது. ஒருத்திக்காவது, ஏன் சார் நான் போடணும் என்று கேட்க வாய் வந்ததா? நீட்டின இடத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இவர்கள் போட்டதால்தானே இன்றைக்கு, எல்லாரும் போட்டாச்சு, நீதான் பாக்கி என்று அவளை உட்கார வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் டம்ளர் சத்தம் கேட்டது. துளசாக்கா. லாரி வாசலிலிருந்து வந்திருக்க வேண்டும். முகமெல்லாம் வேர்வையும் அட்டைத் தூசியும். டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்தாள். கோகிலவாணிக்கு அவளைப் பார்த்ததும் பொங்கிக்கொண்டு வந்தது. "நீயுமாக்கா போட்டே?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "போட்டேன். இப்ப என்னாங்கறே?" "என்னாங்கறயா? மில்லுல இருக்கறப்ப மொதலாளி காரையே மறிச்சவ நானுன்னு பஸ்சுல தெனமும் பீத்துவியே, அந்தத் துளசியம்மா எங்க போனா?" "அவளுக்கு முட்டி வலி" என்றாள் துளசாக்கா. வேறு நேரமாக இருந்தால் கோகிலவாணி சிரித்திருப்பாள். "வெளையாடாதக்கா. கவனக்குறைவுன்னு எழுதியிருக்குது அதுல. படிச்சியா?" "இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சா நான் ஏண்டி பெட்டி தூக்கறேன்?" "அப்பறம் எதுக்குப் போட்டே? ஆட்டு மந்தையாட்டம் ஒருத்தி பின்னால ஒருத்தி! ஒருத்தி, ஒரே ஒருத்தி, மாட்டேன்னு சொல்லியிருந்தா..." துளசாக்கா டம்ளரைக் கேன்மேல் டக்கென்று வைத்தாள். கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டு, குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். தாழ்ந்தாலும் அதில் சூடு இருந்தது. "ஏண்டி, உள்ள என்ன கேட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா? பொட்டு நீங்களா வெச்சீங்க, இல்ல வேற யாராச்சும் வெச்சாங்களான்னு கேட்டாங்க. எல்லாத்துகிட்டயும் அதே கேள்விதான். பின்ன என்ன சொல்லச் சொல்றே? கோகிலா வெச்சான்னா?" துளசாக்கா கதவை மறுபடி ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "நானேதான் வெச்சேன்னேன். சொன்ன சூட்டுக்குத் தாள நீட்டுனாங்க. நானே வெச்சேன்னு சொன்ன வாய்ல, போட மாட்டேன்னு எப்படிச் சொல்ல?" "எல்லாருமா அக்கா?" "எல்லாருந்தான். பேசி வெச்சா சொன்னோம்? அவ அவளுக்குத் தானா வந்துச்சு. சின்னப் புள்ளைய வெச்சிருக்கற, உன்னையக் காட்டிக் குடுத்துப்போட்டு நாங்க நல்லாருப்பமா? பெருசாப் பேச வந்துட்டா. நீயும் உன்னுதுக்குப் போட்டுப்போட்டு வந்து சேரு. டீ ஆறிப்போவுது." சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள்.

கோகிலவாணி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வந்தது கோபம்தான், ஆனால் காலையிலிருந்து இருந்த கோபம் இல்லை. அது அங்கேயும் இங்கேயும் மோதிக்கொண்டு திரிந்தது, இது ஒரே இடத்தில் நின்றது. நீங்களா வெச்சீங்க, வேற யாராச்சுமா. ஆஹா. அப்படியென்றால் எப்படி வைக்கச் சொன்னாங்க என்று கேட்கவே இல்லை. யார் சொன்னாங்க என்று கேட்கவே இல்லை. கேட்டால் பதில் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துதான் கேள்வியையே வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். காட்டிக்கொடு, இல்லாவிட்டால் நீ கட்டு. லைனில் ஒருத்திகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. துளசாக்காவின் வீட்டுக்காரன் போன தீபாவளிக்குத்தான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான், அவள் ஒருத்தி சம்பளத்தில் ஓடுகிற வீடு அது, அவள் போட்டிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு சம்பளம் வாங்காத புதுப்பிள்ளைகூடப் போட்டிருக்கிறது. ஆட்டு மந்தை என்று சொல்லிவிட்டாளே. நாக்கில் சூடு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒவ்வொருத்தியும் தனியாகப் போய், அந்த ரூமில் ஒண்டியாக நின்று, இவள் பேரை வாய்க்குள் வைத்து முழுங்கியிருக்கிறாள். ஒருத்திக்கு இன்னொருத்தி அதைச் சொல்லக்கூட இல்லை. இப்போது இவள் உள்ளே போய்த் தன்னுதுக்கு மட்டும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு, பொழுதோடு பஸ்சில் அவர்களோடேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இடம்கூட விடுவார்கள். அதை நினைத்ததும் உடம்பு கூசியது. மிருதுளா ஓடிவருவாள், தூக்க வேண்டும். எந்தக் கையால் தூக்குவது? மில்லு மறுபடி கண்ணில் வந்தது. பஞ்சு, விடியற்காலை, பிள்ளை ஒளிந்துகொள்வது. வந்தது, போகவில்லை, பக்கத்திலேயே நின்றது. நிற்கட்டும். பயம் போனால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்தால் இன்றைக்குப் பூராவும் உட்கார வேண்டியதுதான்.

"கோகிலவாணி, வாங்கம்மா" என்று குரல் வந்தது. உள்ளே ஏசி முகத்தில் அடித்தது. மேசைக்கு அந்தப்பக்கம் ஷர்மிளா மேடம், பக்கவாட்டில் நவநீதன் சார் போனை நோண்டிக்கொண்டு. தாளை மேடம் ஏற்கெனவே திருப்பி வைத்திருந்தார். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி. நல்ல மனுசிதான், சிரித்த முகம். "சீக்கிரம் முடிச்சிடலாம்மா. பாப்பா நல்லா இருக்காளா? சும்மா ரெக்கார்டுக்கு ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். உங்க ஸ்கேனருக்குப் பொட்டு நீங்களேதானே வெச்சீங்க?" பாப்பா என்றதும் பென்சில் குறியிலிருந்து கண்ணை எடுத்தாள். "ஆமாங் மேடம். என்னுதுக்கு மட்டுமில்லீங், எல்லாத்துக்கும் நாந்தான் வெச்சேன்" என்றாள். மேடம் சிரிப்பு அப்படியே நின்றது. "மத்தவங்க எல்லாம் அவங்கவங்களே வெச்சதா எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா." "அது பொய்யுங். எனக்கோசரம் சொன்ன பொய்யி. அந்தத் தாளையெல்லாம் எடுத்து அவங்ககிட்டயே குடுத்துருங்." நவநீதன் சார் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏய் கோகிலா, என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? அத்தனையும் உன் தலைல வரும்." அவள் மேசையை ஒட்டிப் போய் நின்றாள். "வரட்டுங் சார். ஆனா வந்தா தனியா வரக் கூடாதுங். பன்னீர்ல கொழைக்கச் சொன்னது நீங்க. மூஞ்சில வைக்கச் சொன்னது நீங்க. அதையும் மேல எழுதச் சொல்லுங், கீழ நான் போடறேன்." சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் தாளைப் பார்த்தார். வெளியே லாரி ஒன்று பின்னால் வருகிற கீச்சுச் சத்தம் கேட்டது. "ஏம்மா, வைக்கச் சொன்னேன், ஒத்துக்கறேன்" என்றார் சார், குரலை இறக்கி, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி. "கவனமா வைக்கணுமா வேண்டாமா?" அவ்வளவு நேரம் உள்ளே நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது. "கவனமில்லாமயா சார்? கை நடுங்கக் கூடாதுன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் வெச்சேன். நீங்க சொன்ன எடத்துல, நீங்க சொன்ன மாதிரி. ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு கோணலா இருந்துச்சுன்னு சொல்லுங், இப்பவே போடறேன்." அவள் தாளை எடுத்து, எழுத்து சாருக்கு நேராக வரும்படி திருப்பி, அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.